ஆளுக்கொரு மட்டை

நியாயம் கேட்கப் போகிறவன் வெறுங்கையோடு போக வேண்டும். கையில் எதையாவது வைத்திருந்தால் பார்க்கிறவர்கள் அந்தக் கையைத்தான் பார்ப்பார்கள், வாயிலிருந்து வருவதை ஒருவரும் கேட்க மாட்டார்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஓர் இறுதியாட்டமும் ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டி நிறையப் பனை மட்டையும் தேவைப்பட்டன.

நான் மானிப்பாய்ப் பக்கத்து ரியூட்டறி ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறவன். விகிதசமம் எனக்குப் பிடித்த பாடம். குற்றம் எவ்வளவோ தண்டனையும் அவ்வளவு என்று உண்மையாகவே நம்பியிருந்தேன். (உந்த நம்பிக்கை இல்லாமல் இருந்திருந்தால் இண்டைக்கு நானும் மனிசரோடை மனிசராய் மைதானத்துக்குள்ளை இருந்து கச்சான் கொறிச்சுக்கொண்டு மட்ச் பார்த்திருப்பன்.) காலால் ஒரு பந்தையும் ஒழுங்காக உதைத்தவன் அல்லன். ஆனால் எங்கள் ஊர் இளங்கன்று விளையாட்டுக் கழகத்துக்காக வாயால் விளையாடியதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்தக் கழகத்தின் முன்வரிசையில் நின்றவன் கீதன், என் சித்தியின் மகன். பந்தோடு அவன் ஓடத் தொடங்கினால் பின்னால் வருகிறவர்கள் பாதியில் நின்று இடுப்பில் கை வைத்துவிடுவார்கள். மாவட்ட அணிக்கு அவனை எடுக்கப் போகிறார்கள் என்று கதை வந்த கிழமைதான் அது நடந்தது. எதிரே நின்றது காங்கேசன்துறைக் கரையிலிருந்து வந்த பேரலைக் கழகம். அவர்களுடைய பின்வரிசையில் நிமலன் என்றொரு ஆறடிப் பையன். மைதானத்துக்கு வெளியே நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த நல்ல பிள்ளையின் கால் அன்று பந்து போய் வெகு நேரத்துக்குப் பிறகு வந்து கீதனின் முழங்காலில் இறங்கியது. காய்ந்த விறகை முறிக்கிற சத்தம். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற எனக்கே கேட்டது.

நடுவர் ஓடி வந்து மஞ்சள் மட்டையை எடுத்துக் காட்டினார். மஞ்சள். கீதனை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போகும்போது எங்கள் சனம் முழுதும் கத்திய கத்தலில் பக்கத்து வளவு மாடு கயிறை அறுத்துக்கொண்டு ஓடியதாம். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குள் நார் அறுந்துவிட்டது என்று சொன்னார்கள்.

பிறகு லீக்கின் ஒழுக்காற்றுக் குழு கூடி நிமலனுக்கு ஒரு ஆட்டத் தடை விதித்தது. இதில் என்ன என்று கேட்பீர்கள். அதற்கு முந்தைய மாதம் எங்கள் கோல் காப்பாளர் தயா வேறொரு கழகத்துப் பையனோடு மோதியிருந்தார். அந்தப் பையன் எழும்பி, தண்ணீர் குடித்து, அதே ஆட்டத்தில் எங்களுக்கே கோலும் அடித்தான். தயாவுக்கு நாலு ஆட்டத் தடை. நான் ரியூட்டறியில் இதை ஒரு கணக்காகவே போட்டேன். தண்ணீர் குடித்து எழும்பினால் நாலு, நார் அறுந்து எழும்பாவிட்டால் எத்தனை? வகுப்பு முழுதும் பேனையைக் கடித்துக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளை மட்டும் எழும்பி, "சேர், கேள்வி பிழை" என்றாள்.

அந்த ஒரு ஆட்டமாவது ஒழுங்காக நடந்ததா? பேரலையோடு விளையாட இருந்த கழகத்தில் யாருக்கோ கலியாணம். அவர்கள் வரவேயில்லை. விளையாடாமலே பேரலைக்கு வெற்றி. நிமலன் தன் தண்டனையை வீட்டில் இருந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டு அனுபவித்து முடித்தான். நான் லீக் செயலாளருக்குப் போன் எடுத்தேன். ஓய்வு பெற்ற அதிபர் அவர்.

"நடக்காத ஆட்டத்தை எப்பிடி ஐயா தண்டனையிலை சேர்ப்பியள்?"

"ஆட்டம் நடந்தாலென்ன, நடக்காட்டியென்ன? அட்டவணையிலை இருக்குத்தானே தம்பி" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

இறுதியாட்டத்தில் மறுபடியும் நாங்களும் பேரலையும். நிமலன் விளையாடுவான். அதற்கு முதல் நாள் கீதனைப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட காலைத் தலையணையில் வைத்துக்கொண்டு கிடந்தான். நான் நாலு, ஒன்று, விகிதம் என்று அரை மணித்தியாலம் பொரிந்து தள்ளினேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, என்ரை காலைப் பற்றிக் கதைச்சது காணும். நாளைக்கு என்னைக் கதிரையிலை தூக்கிக்கொண்டு போய் மைதானத்துக் கோட்டுக்குப் பக்கத்திலை இருத்திவிடுங்கோ. எங்கடை பொடியள் கப்பைத் தூக்கிறதை நான் பார்க்கவேணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

அவன் கேட்டது அவ்வளவுதான். அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போயிருந்தால் நான் மனிதன். நான் போகிற வழியிலேயே சைக்கிளை நிறுத்தி, 'கீதனுக்கு நீதி' என்று நான் தொடங்கியிருந்த வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பத்திரிகைகளில் சிவப்பு அட்டை என்று எழுதுவார்கள். எங்கள் மைதானத்தில் அதற்குப் பெயர் மட்டை. கொப்பி மட்டை, கலண்டர் மட்டை, நடுவரின் மட்டை எல்லாம் எனக்கு ஒரே இனம். பனை என்று ஒரு மரம் இந்தக் குடாநாட்டில் இருப்பதும், அதற்கும் மட்டை உண்டென்பதும், அந்த மட்டையின் இரண்டு ஓரத்திலும் வாள் மாதிரிக் கருக்கு இருப்பதும் அந்த நேரம் என் நினைவுக்கு வரவேயில்லை.

நான் சொன்னது இதுதான்: "நாளைக்கு ஆளுக்கொரு மட்டை கொண்டு வாங்கோ. சிவப்பா இருக்கவேணும். நிமலனைக் காணுற நேரமெல்லாம் எல்லாரும் ஒண்டாத் தூக்குவம். லீக் குடுக்காத மட்டையை நாங்கள் குடுப்பம். மட்டை எண்டால் என்னெண்டு உவங்களுக்குக் காட்டுவம்."

கடைசி வசனம் உணர்ச்சியில் வந்தது. உடனேயே கேள்விகள் வந்தன. ஒருவர் "பெரிசோ சின்னனோ?" என்று கேட்டார். தூரத்தில் இருந்து தெரிய வேண்டும், பெரிசாகவே கொண்டு வாருங்கள் என்று எழுதினேன். இன்னொருவர், "ஓரம் சீவவோ, அப்பிடியே கொண்டு வரவோ?" என்றார். காட்போட்டை நேராக வெட்டுவதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, நேரமில்லாவிட்டால் அப்படியே கொண்டு வாருங்கள் என்று பதில் போட்டேன். பிறகு ரியூட்டறியில் தொங்கிய பழைய கலண்டரைக் கழற்றி, அதன் மட்டையில் சிவப்புத் தாள் ஒட்டி, மூலைகளை வட்டமாக வெட்டி, அழகு பார்த்துவிட்டு நித்திரைக்குப் போனேன்.

மறுநாள் பின்னேரம் கீதனைத் தூக்கிக்கொண்டு போய்க் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருத்தி, காலை இன்னொரு கதிரையில் நீட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் சனம் வந்துகொண்டிருந்தது. சைக்கிள் பாரில் மட்டை, மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே மட்டை, தோளில் மட்டை. எல்லாம் பனை மட்டை. ரத்தச் சிவப்புப் பெயின்ற் காயாமல் சிலருடைய கையிலும் சேட்டிலும் ஊறியிருந்தது. அவர்களுக்குப் பின்னால் புகையைக் கக்கிக்கொண்டு தங்கராசா அண்ணையின் லான்ட்மாஸ்ரர். பெட்டி நிறைய மட்டை.

"என்ரை மட்டை வேலியைப் பிரிச்சிட்டன் தம்பி. கொண்டு வராத சனத்துக்கும் குடுக்கலாம் எண்டு. பெயின்ற் போதாமல் போட்டுது, பாதிக்குத்தான் சிவப்பு" என்றார் அவர். பிறகு என் கையில் இருந்ததைப் பார்த்தார். "உதென்ன உது? உதாலை அடிச்சால் நோகுமே?"

"அண்ணை, நான் சொன்னது மட்டை."

"ஓம், மட்டைதானே."

"உந்த மட்டை இல்லை அண்ணை."

"பின்னை எந்த மட்டை?"

விளக்கம் சொல்ல வாயைத் திறக்கிறேன், பேரலைக் கழகத்தின் பஸ் வந்து நிற்கிறது. முதல் ஆளாக இறங்கியது நிமலன். நிமலனைக் கண்டால் எல்லோரும் ஒன்றாகத் தூக்க வேண்டும் என்பது என் கட்டளை. தூக்கினார்கள். என் வகுப்பில்கூட என் சொல்லை இவ்வளவு ஒழுங்காக ஒருவரும் கேட்டதில்லை. நிமலன் படியில் வைத்த காலை எடுக்காமல் ஒரு கணம் நின்றான். பிறகு அப்படியே பின்னோக்கி ஏறி, கடைசி இருக்கைக்குப் போய்க் குனிந்துகொண்டான்.

நான் கலண்டர் மட்டையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினேன். "போடுங்கோ, கீழை போடுங்கோ" என்று கத்தினேன். போடுங்கோ என்றால் எங்கள் ஊரில் அடி போடுவதற்கும் அதே சொல்தான். (அதுவும் அந்த நேரம் ஞாபகம் வரேல்லை.) நாலைந்து பேர் உற்சாகமாகப் பஸ்ஸை நோக்கி நடந்தார்கள். நடுவர் தன் பையை மூடி, விசிலைப் பொக்கற்றுக்குள் போட்டு, பின் கேற்றால் மோட்டார் சைக்கிளில் போயே விட்டார். செயலாளர் ஒலிபெருக்கியில், ஆட்டம் கைவிடப்படுகிறது, கிண்ணம் பேரலைக்கு வழங்கப்படுகிறது என்று சொன்னார். மேசையில் இருந்த கிண்ணத்தை யாரோ எடுத்துப் போய்ப் பஸ்ஸின் யன்னலுக்குள்ளால் கொடுத்தார்கள்.

கீதன் அந்தக் கதிரையில் இருந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவன் கண் பஸ்ஸின் யன்னலிலேயே இருந்தது. நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது என்று இருந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த முகம் மறக்கவில்லை.

சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் விசாரணை. மேசைக்குப் பின்னால் செயலாளரும் இரண்டு பேரும். மேசையில் பேப்பர் விரித்து, அதன்மேல் ஒரு சிவப்புப் பனை மட்டை, பக்கத்தில் என் கலண்டர் மட்டை. என் குரல் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள்.

"'மட்டை எண்டால் என்னெண்டு காட்டுவம்.' இது உம்முடைய குரல்தானே?"

"ஓம் ஐயா. ஆனால் நான் கருதினது..."

"ஓரம் சீவவோ எண்டு கேட்டதுக்கு, அப்பிடியே கொண்டு வாங்கோ எண்டு எழுதினதும் நீர்தானே? கருக்கோடை கொண்டு வரச் சொல்லியிருக்கிறீர்."

குழுவில் ஒருவர் மட்டையின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்து, "இது சீவினது" என்றார். மற்றவர் தானும் தடவிப் பார்த்து, "ஒரு பக்கம்தான் சீவியிருக்கு" என்றார். கருக்கு சீவின மட்டை ஆயுதமா, சீவாதது மட்டும் ஆயுதமா, ஒரு பக்கம் சீவினது பாதி ஆயுதமா என்று கதை போனது. நான் பொறுக்க முடியாமல் எழும்பினேன்.

"ஐயா, கீதனின்ரை கால்..."

"அது முடிஞ்ச விசயம். இப்ப மட்டையைக் கதைப்பம். இரும்."

கீதனின் காலை விசாரித்த அன்று தேத்தண்ணி வருவதற்கு முதலே தீர்ப்பு வந்துவிட்டதாம். என் விசாரணையில் தேத்தண்ணி இரண்டு தரம் வந்தது, பணிசும் வந்தது. கடைசியாகச் செயலாளர் என் கலண்டர் மட்டையைத் திருப்பினார். பின்பக்கத்தில் பிள்ளையார்.

"பிள்ளையாரைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டோ ஓடித் திரிஞ்சனீர்?" என்று கேட்டார். தீர்ப்பை எழும்பி நின்று வாசித்தார். மறு அறிவித்தல் வரும்வரை லீக் ஆட்டம் நடக்கும் எந்த மைதானத்துக்குள்ளும் நான் காலடி வைக்கக் கூடாது.

அந்தக் கிழமையே நிமலன் ஒரு பை நண்டோடு கீதனின் வீட்டுக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன். என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணை, உண்மையா என்னை அடிக்கவோ நிண்டனீங்கள்? நான் பஸ்ஸுக்குள்ளை இருந்து அம்மாவுக்குப் போன் எடுத்து அழுதனான்."

கீதன் விழுந்து விழுந்து சிரித்தான். முழங்கால் நார் அறுந்த பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான். நிமலன் சிரிக்கவில்லை. "நாலு ஆட்டம் தந்திருந்தால் எனக்கு நிம்மதி அண்ணை. அதோடை முடிஞ்சிருக்கும். ஒண்டு தந்தபடியால் கீதனின்ரை அம்மா என்னை இப்பவும் ஒரு மாதிரித்தான் பார்க்கிறா" என்றான். சித்தி நண்டை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனார்.

கீதனின் கால் நடக்கச் சுகமானது, ஓடச் சுகமாகவில்லை. மாவட்ட அணி அவன் இல்லாமலே போனது. அவனும் நிமலனும் இப்போது நெருங்கின சினேகிதர்கள். பேரலை விளையாடாத ஆட்ட நாட்களில் இருவரும் மைதானத்துக்குள் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்து பார்ப்பார்கள். நான் மதிலுக்கு வெளியே சைக்கிள் கரியரில் ஏறி நின்று பார்ப்பேன். மறு அறிவித்தல் இன்னும் வரவில்லை. ரியூட்டறியில் எனக்கு மட்டை சேர் என்று பெயர். வீட்டில் நான் சந்தைக்கு வெளிக்கிட்டால் மனைவி, "இஞ்சாருங்கோ, வாழையிலை எண்டால் வாழை மரத்தின்ரை இலை" என்று விளக்கம் தந்துதான் அனுப்புகிறாள்.

போன வருடம் லீக்கின் ஒழுக்காற்றுக் குழுவுக்குப் புதிய ஆட்களை எடுத்தார்கள். அதில் ஒருவன் கீதன். செய்தி கேட்டதும் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் நான் சொன்னது எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டான்.

"உங்கடை தடையை எடுக்கலாம் அண்ணை. ஆனால் தயாண்ணைக்குக் குடுத்த நாலை ஒருதரும் திருத்தேல்லை. நிமலனின்ரை ஒண்டையும் திருத்தேல்லை. உங்கடையை மட்டும் திருத்தினால், ஆளுக்கொரு நியாயம் எண்டு சனம் சத்தம் போடும் எல்லோ? எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கவேணும் எண்டு கேட்டதே நீங்கள்தானே."

நான் சைக்கிளை எடுத்தேன். கீதன் காலை இழுத்து இழுத்துப் படலை வரைக்கும் வந்தான்.

"ஞாயிற்றுக்கிழமை மட்ச் இருக்கு அண்ணை, மதிலடிக்கு வாங்கோ" என்றான். "வெறுங்கையோடை."