சைமியின் இடுப்பில் இருந்த கத்தி

எல்மெரி ஒரு முடிவுக்கு வந்தான். இந்த வருஷம் மான் வேட்டைக்குப் போகும்போது தன் இடுப்பில் நல்ல கத்தி ஒன்று தொங்க வேண்டும். ஊரிலேயே நல்ல கத்தி. அது எங்கே இருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும். சிக்கலே அதுதான். அது அவன் பெண்டாட்டி சைமியின் இடுப்பில் இருந்தது.

அவனுடைய கத்தி மார்ச் மாதம் ஏரிக்குள் போய்விட்டது. உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தான். தூண்டில் கயிறு சிக்கியது. கத்தியை எடுத்து அறுத்தான். விரல்கள் மரத்துப்போயிருந்தன. கயிற்றோடு கத்தியும் துளைக்குள் இறங்கியது. இருபத்தைந்து வருஷம் கூட இருந்த கத்தி, ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போனது. வீட்டுக்கு வந்து சொன்னான்.

"மீன் எங்க?" என்றாள் சைமி.

"கத்தி போயிடுச்சு சைமி."

"அது காதுல விழுந்துச்சு. மீன் எங்கன்னு கேட்டேன்."

ஹாப்பாலஹ்தி ஊரில் கத்தி இல்லாத ஆண்பிள்ளை கிடையாது. காற்சட்டை இல்லாமல் தேவாலயத்துக்கு வந்தால்கூட, ஏதோ அவசரம் போல என்று விட்டுவிடுவார்கள். கத்தி இல்லாமல் வந்தால், என்ன நோய் என்று கேட்பார்கள்.

எல்மெரி மூன்று கடைக் கத்திகள் வாங்கிப் பார்த்தான். முதல் கத்தியின் பிடி, பன்றிக் கொழுப்பை வெட்டியபோதே ஆடியது. இரண்டாவதற்கு இரும்புப் பிடி. குளிரில் தொட்டால் உள்ளங்கைத் தோலைக் கேட்டது. மூன்றாவது முழங்கை நீளம். கரடியோடு சண்டைக்குப் போகிறவன் வாங்க வேண்டியது. எல்மெரிக்கு உரிக்க வேண்டியிருந்தது உருளைக்கிழங்கு.

கத்தி விஷயத்தில் அவனுக்குக் கொள்கைகள் உண்டு. அலகின் நீளம் உள்ளங்கை அகலத்துக்கு மேல் ஒரு நூல்கூடப் போகக் கூடாது. அலகின் வால் பிடிக்குள் முழுக்க ஓடி, மறுமுனையில் அறைந்திருக்க வேண்டும். பிடி பிர்ச் மரப்பட்டையை அடுக்கிச் செய்ததாக இருக்க வேண்டும். அதுதான் ஈரத்தில் வழுக்காது, பனியில் சுடாது. உறை, பிடியில் பாதியை விழுங்க வேண்டும். இத்தனையும் உள்ள கத்தி ஒன்று தினமும் அவன் கண் முன்னால் மாட்டுத்தொழுவத்துக்கும் கிணற்றுக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தது.

அக்டோபரில் எல்க் மான் வேட்டை. பன்னிரண்டு பேர் போவார்கள். மான் விழுந்ததும் ஆளுக்கொரு கத்தியோடு தோலுரிக்க உட்காருவார்கள். கத்தி சரியில்லாதவனுக்கு ஒரே வேலைதான். மானின் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். போன வருஷம் நகரத்திலிருந்து வந்த ஒரு பல் டாக்டர் பிடித்தார்.

"இந்த வருஷம் பல் டாக்டர் வரலையாம்" என்றான் பக்கத்து வீட்டு வில்ஹோ. "கால் காலியா இருக்கு."

"எனக்கு எதுக்குடா சொல்றே?"

"சும்மா. உன் இடுப்பப் பாத்தேன், ஞாபகம் வந்துச்சு."

அன்றிலிருந்து எல்மெரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐம்பத்து நான்கு வயதில் கால் பிடிப்பதா?

பெண்டாட்டியிடம் கேட்டு வாங்க வேண்டியதுதானே என்று தோன்றும். முடியாது. அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். பெண் கல்யாண வயதுக்கு வந்ததும் இடுப்பில் காலி உறை ஒன்றைக் கட்டிக்கொண்டு வருவாள். அவளைப் பிடித்தவன் தன் கத்தியை அந்த உறைக்குள் வைத்துவிட்டுப் போக வேண்டும். கத்தி ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்தால், வேறு இடம் பார் என்று அர்த்தம். வராவிட்டால் கல்யாணம்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் எல்மெரி, கிழக் கொல்லர் கடைசியாக அடித்த கத்தியை சைமியின் உறையில் வைத்தான். அந்த வாரம் முழுக்க ரொட்டியைக் கையால் பிய்த்துத் தின்றான். கத்தி திரும்பி வரவில்லை. கொல்லர் அந்தக் குளிர்காலத்திலேயே போய்ச் சேர்ந்தார். அப்படி ஒரு கத்தியை அதற்குப் பிறகு யாரும் அடிக்கவில்லை.

பெண்ணின் உறையிலிருந்து கத்தியைத் திரும்ப எடுத்தவன் என்று அந்த ஊரில் ஒருவன்கூடக் கிடையாது. அவளாகக் கொடுக்க வேண்டும். கொடுக்க வைக்க எல்மெரி வசந்தம் முழுக்க யோசித்தான், கோடை முழுக்க யோசித்தான். செப்டம்பரில் வழி கிடைத்தது. சைமிக்குப் புதுக் கத்தி ஒன்று வாங்கிக் கொடுப்பது. பழையதைவிட அது உசத்தி என்று சாட்சி வைத்து நிரூபிப்பது. பிறகு, பாவம், மிஞ்சுகிற பழசை நானே வைத்துக்கொள்கிறேன் என்று பெரிய மனசோடு வாங்கிக்கொள்வது.

கிழக் கொல்லரின் மகன் ஓத்தோவிடம் போனான். அப்பன் அளவுக்கு இல்லாவிட்டாலும் ஓத்தோவுக்கும் கை உண்டு.

"யாருக்கு?"

"பெண்டாட்டிக்கு."

ஓத்தோ அளவு கேட்கவில்லை. பட்டறைச் சுவரில் ஆணியடித்திருந்த ஒரு மரப்பட்டையை எடுத்தான். அதில் கரியால் ஒரு பெண் கை வரைந்திருந்தது.

"இது யார் கைடா?"

"பொம்பளக் கை எல்லாம் ஏறக்குறைய ஒண்ணுதான்" என்று சொல்லி ஓத்தோ உலையை ஊதினான். அவன் ஏன் சிரித்தான் என்று எல்மெரி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ஒரு ஆட்டுக்கடாவைக் கொடுத்துக் கத்தியை வாங்கி வந்தான்.

"எனக்கு எதுக்குப் புதுக் கத்தி?" என்றாள் சைமி.

"முப்பது வருஷமா உழைக்கிறே. நல்லதா ஒண்ணு வேண்டாமா உனக்கு?"

சைமி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். "உடம்புக்கு ஏதாவது செய்யுதா?"

"இல்லையே."

"நாக்க நீட்டு."

சனிக்கிழமை மத்தியானம் முற்றத்தில் போட்டி. நடுவர் வில்ஹோ. வேட்டையில் தன் பங்குக்கு வரும் மான் நாக்கை அவனுக்கு விட்டுத்தருவதாக எல்மெரி முந்தின நாளே பேசி முடித்திருந்தான். இரண்டு கத்தியையும் பிடித்து வேலை செய்ய வேண்டியவள் சைமி.

முதலில் ஏரி மீன், கத்திக்கு இருபது. பழைய கத்தியால் சைமி இருபதையும் கீறிக் குடலெடுத்தபோது வில்ஹோ சுங்கானைப் பற்றவைத்து முடிக்கவில்லை. புதுக் கத்தியால் முடித்தபோது பாதிப் புகையிலை சாம்பல்.

"வேகம் வேற, வேலை வேற" என்றான் எல்மெரி. "பழசு மீனைப் பதற வைக்குது. புதுசு பொறுமையாப் பேசி எடுக்குது."

"மீனு செத்துல்ல கிடக்குது?" என்றான் வில்ஹோ.

"நாக்கு, வில்ஹோ."

"புதுசுதான்" என்றான் வில்ஹோ.

அடுத்தது ரொட்டி. ரை தானிய மாவுக்குள் மீனையும் கொழுப்பையும் அடைத்து ராத்திரியெல்லாம் சுட்ட உருண்டை ரொட்டி. மேலோடு கூரை ஓடு மாதிரி இருக்கும். பழைய கத்தி ஒரே சுற்றுச் சுற்றியது. மூடி தொப்பி கழற்றுவது போல வந்தது. புதுக் கத்திக்கு மூன்று சுற்று ஆனது, முற்றமெல்லாம் தூள்.

"தூள் விழுந்தாத்தானே கோழி பிழைக்கும்" என்றான் எல்மெரி.

"புதுசு" என்றான் வில்ஹோ, கோழியைப் பார்த்துக்கொண்டே.

கடைசியில் எல்மெரியின் முன்கை முடி. பழையது போன தடமே தெரியவில்லை, முடி மட்டும் இல்லை. புதியது முடியோடு கொஞ்சம் தோலையும் எடுத்தது.

"ரத்தம் வருதேடா."

"அவ்வளவு கூர்னு அர்த்தம்" என்றான் எல்மெரி, கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி.

சைமி இரண்டு கத்தியையும் முற்றத்து மேசையில் வைத்தாள். இப்போது கேட்டாள். "அப்போ என் கத்தி மட்டம்."

"மட்டம்னு இல்ல…"

"சாட்சி உக்காந்திருக்காரு. ஒழுங்கா சொல்லு."

எல்மெரி அண்ணாந்து பார்த்தான். கிழக் கொல்லர் மேலேதான் எங்கோ இருக்க வேண்டும். "மட்டம்தான்" என்றான்.

சைமி கை கழுவினாள். பழைய கத்தியை மட்டும் துடைத்து எல்மெரியின் கையில் வைத்தாள். "பாத்துக்க வில்ஹோ. திருப்பிக் குடுத்துட்டேன்." புதுக் கத்தி மேசையிலேயே கிடந்தது. காலி உறை அவள் இடுப்பில் ஆடியது.

எல்மெரி கால் மணி நேரம் இந்த உலகத்தில் இல்லை. கிடைத்துவிட்டது. இனி எவன் வேண்டுமானாலும் கால் பிடிக்கட்டும். அந்த நினைப்போடு காப்பிக்கு உள்ளே போனான். மேசையில் இரண்டு கிண்ணம்தான் இருந்தது. ஒன்று சைமிக்கு, ஒன்று வில்ஹோவுக்கு.

"எனக்கு?"

"நீங்க யாரப் பாக்க வந்தீங்க?" என்றாள் சைமி.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் ஒரு 'நீங்க' வந்ததில்லை.

"சைமி, விளையாடாதே."

"கத்தி திரும்பி வந்தா என்ன அர்த்தம்னு இந்த ஊர்ல தொட்டில் குழந்தைக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாதா?"

"அது ஒரு வாரத்துக்குள்ள. முப்பது வருஷம் கழிச்சு இல்ல."

"மட்டமான கத்தின்னு எனக்கு இன்னிக்குத்தானே தெரியும். நீங்கதான் சாட்சி வச்சு நிரூபிச்சீங்க. வாரம் இன்னிக்குத்தான் ஆரம்பிக்குது."

"வில்ஹோ, நீயாவது சொல்லுடா."

"நான் நடுவர்" என்றான் வில்ஹோ. "தீர்ப்புக்கு மேல பேசக் கூடாது. சைமி, இன்னும் கொஞ்சம் காப்பி."

எல்மெரியின் தலையணை ஏரிக்கரைச் சவுனாவுக்குப் போனது. வெந்நீராவி அறையில் குளிக்கலாம், குடித்தனம் நடத்த முடியாது. பார்லிக் கஞ்சி வைத்தான். அடி பிடித்தது. மறுநாள் மேலும் பிடித்தது. கஞ்சிக்கு மேல்பக்கம் எப்படிப் பிடிக்கும் என்று யோசிக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை. மூன்றாம் நாள் வில்ஹோ வந்தான்.

"சைமி இடுப்புல காலி உறை தொங்குதுன்னு ஊரெல்லாம் பேச்சு."

"பேசட்டும்."

"பால் வண்டிக்காரன் லவுரி இன்னிக்குத் தலை சீவிட்டு வந்தான்."

எல்மெரி கரண்டியைக் கீழே வைத்தான். லவுரி பெண்டாட்டியை இழந்தவன். நாலு வருஷமாகச் சீப்பைத் தொடாதவன்.

"அது மட்டும் இல்ல. வண்டிய நிறுத்திட்டு, சக்கரத்து மேல உக்காந்து கத்தி தீட்டிட்டிருந்தான்."

எல்மெரி உடனே எழுந்து தொழுவத்துக்கு ஓடினான். சைமி பால் கறந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியபடி புதுக் கத்தியை அவள் உறையில் வைத்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் அது சவுனாக் கதவின் நிலையில் குத்தி நின்றது.

தொழுவ வாசலில் சைமி பால் பாத்திரங்களைக் கழுவியபடி, அவன் காதில் விழும்படி மாட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இதவிட நல்ல கத்தி அவர்கிட்ட இருக்காம். நல்லத வச்சுக்கிட்டு ரெண்டாந்தரத்தக் குடுக்கிறவரு மனுஷனா?"

எல்மெரி சவுனாப் படியில் உட்கார்ந்தான். இரண்டு கத்தியையும் மடியில் போட்டுக்கொண்டு வாழ்க்கையில் முதல் தடவையாக நேர்மையாக மதிப்புப் போட்டான். பழையதை எடுத்துப் பிடித்தான். பிடி கையில் உட்காரவில்லை. மாற்றிப் பிடித்தான். அப்போதும் உட்காரவில்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். மரப்பட்டைப் பிடியில் ஒரு பக்கம் சின்னதாகக் குழிந்திருந்தது. சைமியின் கட்டைவிரல் முப்பது வருஷம் அழுத்தி அழுத்தி விழுந்த குழி. அவன் கட்டைவிரல் அதற்குள் நுழையவில்லை. எத்தனை மீன், எத்தனை கிழங்கு, எத்தனை தாம்புக்கயிறு என்று நினைத்துப் பார்த்தான்.

புதுக் கத்தியை எடுத்தான். அது சின்னக் கைக்கு அளந்து செய்தது. நாலாவது விரலோடு பிடி முடிந்தது. சுண்டுவிரல் வெளியே நின்றது.

இரண்டு கத்திகள். இரண்டுமே அவன் கைக்கு இல்லை. இதற்காகவா ஆட்டுக்கடாவையும் கொடுத்து, கஞ்சியையும் குடித்தோம் என்று கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தான். ஏரிக்குள் அவன் கைக்கு ஏற்ற கத்தி ஒன்று கிடந்தது.

தொழுவத்துக்கு நடந்தான். பழைய கத்தியைக் காற்சட்டையில் துடைத்து அவள் உறையில் வைத்தான். அது கிளிக் என்று உள்ளே போய் உட்கார்ந்தது.

மறுநாள் காலை சவுனா நிலையில் கத்தி இல்லை. படியைப் பார்த்தான், புல்லில் தேடினான். இல்லை. வீட்டுப் பக்கமிருந்து குரல் வந்தது.

"காப்பி ஆறுது. வரியா, இல்லையா?"

ஒருமையில் கூப்பிடுவது இத்தனை இனிக்கும் என்று எல்மெரி கண்டதில்லை. மேசையில் இரண்டு கிண்ணம். ஒன்று அவனுடையது. இரண்டு மிடறு குடித்தபோது சைமி கையை நீட்டினாள்.

"புதுக் கத்தியக் குடு."

"அதான் பழசு உன்கிட்ட வந்தாச்சே?"

"என் கைக்குன்னுதானே ஓத்தோகிட்ட சொன்னே? நீ அங்கதான் போவேன்னு ஆகஸ்ட்டுலயே நான் போய்க் கை அளவு குடுத்துட்டு வந்தேன்."

எல்மெரிக்குக் காப்பி புரையேறியது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"மார்ச்சுலேர்ந்து என் இடுப்பையே பாத்திட்டிருந்தே. இத்தனை வருஷம் கழிச்சு என்ன புது ஆசைன்னு முதல்ல கொஞ்சம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்புறம் பாத்தா கண்ணு கத்தி மேல."

எல்மெரி புதுக் கத்தியை எடுத்து மேசையில் வைத்தான்.

அக்டோபரில் மான் விழுந்தது. ஊரிலேயே நல்ல கத்தி இரண்டும் ஒரே இடுப்பில் இருக்கிறது என்று வில்ஹோ சொல்லப்போக, வேட்டைக்காரர்கள் தோலுரிக்க சைமிக்கு ஆள் அனுப்பினார்கள். அவள் பழையதை எடுத்துக்கொண்டு மானுக்குப் பக்கத்தில் மண்டிபோட்டாள். சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள்.

"எல்மெரி," என்றாள், "அந்தக் காலக் கொஞ்சம் தூக்கிப் பிடி."