நெற்றி ஆஜர்

தொலைக்காட்சித் திரையின் மூலையில் எல்மெர் பனேகாஸின் நெற்றி மட்டும் தெரிந்தது. மீதித் திரையை நீதிபதி விட்கோம் நிறைத்திருந்தார்.

"பனேகாஸ் எங்க?" என்றார் நீதிபதி. அதை ஸ்பானிஷில் மொழிபெயர்க்க ஓர் அம்மாள் போன் இணைப்பில் இருந்தார். அவரும் அதே எரிச்சலோடு, "பனேகாஸ் எங்க?" என்றார்.

"இங்கதாங்க ஐயா இருக்கேன்!"

"எனக்கு நெத்திதான் தெரியுது. நெத்திகிட்ட சத்தியப் பிரமாணம் வாங்க முடியாது."

எல்மெர் ஹூஸ்டனில் பதினேழு வருடம் ரொட்டி சுட்டவன். மனைவியும் இரண்டு பெண்களும் இன்னும் அங்கேதான். அவனை மட்டும் டெக்சாஸின் தென்கோடியில், குடியேறிகளை அடைத்து வைக்கும் முகாமில் நான்கு மாதமாக வைத்திருந்தார்கள். இன்று நீதிபதி முகத்தைப் பார்த்துக் கதையைக் கேட்டால் வீட்டுக்குப் போக ஒரு வழி உண்டு. முகம் தெரியாவிட்டால் 'ஆஜராகவில்லை' என்று எழுதி ஹோண்டுராஸுக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். ஆளோ ஐந்தடி. நாற்காலியைத் தரையோடும் கேமராவைச் சுவரோடும் திருகி வைத்த புண்ணியவான் ஆறடி ஆட்களை மட்டுமே நாடு கடத்துவார்கள் என்று நினைத்துவிட்டான்.

"எந்திரிச்சு நில்லுய்யா," என்றார் காவலர் ரூபென் த்ரெவீன்யோ. போன வாரம்தான் வேறு முகாமிலிருந்து மாற்றலாகி வந்தவர். கெட்டவரில்லை, பசி நேரம்.

எல்மெர் எழுந்தான்.

"இப்ப வயிறு தெரியுது," என்றார் நீதிபதி. "இது யாரோட வயிறு?"

"என்னோடதுதாங்க ஐயா. பேக்கரிக்காரன் வயிறு."

"அதுக்கு அடையாளச் சான்று இருக்கா?"

ரூபென் ஓடிப்போய் முகாம் நூலகத்திலிருந்து குடியேற்றச் சட்டப் புத்தகங்கள் நான்கைத் தூக்கி வந்தார். எல்மெர் அவற்றின் மேல் உட்கார்ந்தான். நான்கு மாதத்தில் சட்டம் அவனைத் தாங்கிப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"ஆ, முகம் வந்துடுச்சு! ஆனா வாய்தான் அசையுது, சத்தமே இல்ல."

மேஜையில் திருகியிருந்த மைக் இப்போது எட்டாத தூரத்தில் இருந்தது. எல்மெர் குனிந்தான். சத்தம் வந்தது, முகம் போனது.

இதற்குள் கூரை ஒழுக ஆரம்பித்தது. துப்புரவுப் பணியாளர் ஓதிலியா உள்ளே வந்து ஒரு வாளியை வைத்துவிட்டு, திரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாள். இடி ஒன்று விழுந்தது. விழுந்த இடி தொலைக்காட்சியிலும் ஒருமுறை விழுந்தது.

"உங்க ஊர்ல மழையா?" என்றார் நீதிபதி.

"கொட்டுதுங்க ஐயா."

"இங்கயும் கொட்டுது."

"முந்நூறு மைல் தள்ளி இருக்காரு, அங்கயும் இதே மழையாம்," என்று ரூபென் முணுமுணுத்தார். பழைய முகாமில் நீதிபதி முந்நூறு மைல் தள்ளித்தான் இருந்தார். "பொறுய்யா, மைக்கையே பேத்து எடுத்து உன் வாய்கிட்ட வச்சிடறேன்."

பேர்த்தார். மைக்கோடு ஒயரும், ஒயரோடு இன்னொரு பெட்டியும் கையோடு வந்தன. எல்மெரின் படம் அப்படியே உறைந்தது: கண் பாதி மூடி, வாய் முழுக்கத் திறந்து.

"விசாரணையில தூங்குறாரா?" நீதிபதியின் குரல் மட்டும் தெளிவாக வந்தது. "இத பாருங்க. அஞ்சு நிமிஷம் தர்றேன். அதுக்குள்ள அவர் முகம் என் முன்னால உயிரோட அசையலன்னா, ஆஜராகலன்னு எழுதிடுவேன்."

"எழுதிடுவேன்," என்றார் போன் அம்மாள்.

ரூபெனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒயரை ஒரு துளையில் செருகினார். விளக்கு அணைந்தது. இன்னொன்றில் செருகினார். காற்றாடி சுற்றியது.

"நாலு நிமிஷம்," என்றது திரை.

"ஆபீசர், என் சின்னப் பொண்ணுக்கு ஆறு வயசு. நான் ஊட்டினாத்தான் சாப்பிடுவா," என்றான் எல்மெர்.

"தெரியுதுய்யா, தெரியுது. எனக்கும் பொண்ணு இருக்கு." ரூபென் மூன்றாவது துளையைத் தேடினார்.

"ரெண்டு நிமிஷம்."

அதற்கு மேல் எல்மெரால் தாங்க முடியவில்லை. சட்டப் புத்தகங்களிலிருந்து குதித்தான். மாவு பிசைந்து உரமேறிய இரண்டு கைகளாலும் திரை தொங்கிய சுவரைப் போட்டுக் குத்தினான்.

"ஐயா! நான் இருக்கேன்யா! இங்கதான்யா இருக்கேன்!"

தொலைக்காட்சி ஆடியது. திரையில் நீதிபதி திடுக்கிட்டுத் தனக்குப் பின்னால் இருந்த சுவரைத் திரும்பிப் பார்த்தார். முகம் சிவக்க எழுந்து வாசல் பக்கம் யாரையோ பார்த்துக் கத்தினார்.

"போச்சு," என்றார் ரூபென். "கெளம்பிட்டாரு. எழுதப் போறாரு."

கதவு படாரென்று திறந்தது. துடைப்பமும் கையுமாக ஓதிலியா நின்றாள்.

"யாருய்யா அது? இதோ டிவியில தெரியறாரே, பக்கத்து ரூம் ஜட்ஜு ஐயா, அவரு சுவத்த இடிச்சவன் எவனா இருந்தாலும் இந்த நிமிஷமே தன் முன்னால கொண்டாந்து நிறுத்தச் சொல்றாரு!"