ஏழரை மணிக்கு வந்த நாற்பது டப்பாக்கள்

மதிப்பிற்குரிய அண்ணாவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் நலம். நீங்களும் அண்ணியும் நலமென்றே எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை முழுதாகப் படிக்கக் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கும். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நீங்கள்தான் பேசுவீர்கள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு நகராட்சி அலுவலகத்தில், உங்கள் தெருவுக்கு வரும் கீரைக்காரம்மாவின் வண்டியை நிரந்தரமாகத் தடை செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள். அதற்குள் நீங்கள் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். என்ன எழுத வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்துவிட்டது என்பதுதான் உங்களுக்குத் தெரியாது.

மூன்று மாதத்துக்கு முன்னால், உருளைப்புழு ஆராய்ச்சிக்காக உங்கள் தெருவில் நாற்பது வீடுகளில் ஆளுக்கொரு டப்பா மலம் சேகரிக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கி உங்களிடம் கேட்டேன். நீங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர்; முப்பது வருஷம் பேருந்துப் பணிமனையில் மேற்பார்வை பார்த்தவர். "நீ கவலையே படாத. நாளன்னைக்குக் காலைல ஏழரைக்கு வந்து எடுத்துக்க" என்றீர்கள். ஏழரைக்கு வந்தேன். வாசல் மேசையில் நாற்பது டப்பாவும் வரிசையாக, பெயரும் வயதும் ஒட்டி, மூடி துடைத்து நின்றன. நான் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இருபது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன்; சொந்த வீட்டில் ஒரே ஒருவரைக்கூட ஏழரை மணிக்குத் தயாராக்க என்னால் முடிந்ததில்லை. எண்பத்திரண்டு வயது ஓய்வுபெற்ற நீதிபதியிலிருந்து மூன்றாம் வீட்டுப் புது மருமகள்வரை நாற்பது குடல்களும் ஒன்றுசேர்ந்து ஒரே காலையில் சங்கத் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டன என்று நம்பி, நன்றி சொல்லி, காபியும் குடித்துவிட்டுப் போனேன். படித்தவள்.

இந்தப் புழு எங்கள் ஆய்வகத்தில் ஏன் பெரிய விஷயம் என்று சொல்லிவிடுகிறேன். மனிதன் வயிற்று உருளைப்புழுவும் பன்றி வயிற்று உருளைப்புழுவும் பார்வைக்கு ஒரே அச்சு. முட்டையை நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தாலும் அடையாளம் பிடிபடாது. மரபணுவைப் பிரித்துப் பார்த்தால்தான் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். பிரித்தோம். நாற்பது டப்பாவிலும் இருந்த முட்டைகள் மூன்றே மூன்று தாய்ப்புழுக்களின் பிள்ளைகள். அதுவும் பன்றிப் பரம்பரை. எங்கள் துறைத்தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு தெருவே பன்னிக்கிட்டேர்ந்து வாங்கியிருக்கும்மா! எங்கேயும் இப்படி வந்ததில்ல!" என்று சுவரில் தெருப்படம் ஒட்டி, சிவப்பு மையால் அம்புக்குறி போட ஆரம்பித்தார். மூல இடம் ஒன்றுதான் இருக்க முடியும்; நாற்பது வீடும் கீரை வாங்குவது ஒருவரிடம்தான்; அவருடைய கீரைத் தோட்டம் ஊருக்கு வெளியே பன்றிப் பண்ணைக்குப் பக்கத்தில். எல்லா அம்பும் கீரை வண்டியில் போய்க் குத்தின. மறுநாளே சுகாதார ஆய்வாளர் வண்டியைத் தெருமுனையில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார். ஐந்து வாரமாகிறது.

இதில் என்னை அசத்தியவர்கள் உங்கள் தெருக்காரர்கள்தான். டப்பா கொடுக்காத நாற்பது வீட்டுக்கும் முடிவு போனது. ஒருவர்கூட "நாங்க கொடுக்கவேயில்லையே" என்று கேட்கவில்லை. கணவன், மனைவி கொடுத்திருப்பாள் என்று நினைத்தார். மனைவி, மாமியார் கொடுத்திருப்பார் என்று நினைத்தாள். மாமியார் மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேசாமல் பூச்சி மாத்திரையை விழுங்கினார். நீதிபதி எனக்குப் போன் செய்து, "எத்தனை புழும்மா? மேல் வீட்டுக்காரரை விடக் கம்மிதானே?" என்று மட்டும் விசாரித்தார்.

போன வாரம் கீரைக்காரம்மா ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா அந்தப் புழு டீச்சர்?"

ஆமாம் என்றேன்.

"என் கீரைலயும் புழு இருக்கும்மா. இலை மேல பச்சையா உக்காந்திருக்கும், பாத்து எடுத்துப் போட்டுட்டு ஆக்கலாம். ஒளிஞ்சு உக்காந்து முட்டை போடற புழு எங்கிட்ட கிடையாது."

"பன்றி எரு போடுவீங்களா?"

"அந்தப் பண்ணைக்காரன்கிட்டயா? வேலித் தகராறுல ஆறு வருஷமா அவன்கூட எனக்குப் பேச்சே இல்ல. எரு மட்டும் வாங்குவேனா? உங்க அண்ணன் தெருதாம்மா எனக்குப் பாதி வியாபாரம். இப்ப மிச்சத் தெருவுலயும் மூக்கைப் பொத்திக்கிட்டுக் கதவைச் சாத்தறாங்க. கடைசிப் பொண்ணைப் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பலாமான்னு வீட்டுல பேசிட்டிருக்கோம். நான் ஒண்ணு கேக்கறேன். ஒருத்தர் பாக்கியில்லாம நாப்பது பேருக்கும் ஒரே புழுவா? உலகத்துல எதாவது ஒண்ணு அந்தத் தெருவுல எல்லாருக்கும் ஒண்ணா இருந்திருக்கா?"

அண்ணா, இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். எதையும் நம்பாதவள் என்று நம் வீட்டில் எனக்குப் பெயர். அன்று மாலையே, எங்கள் ஆய்வகத்தில் இதுவரை யாருக்கும் செய்யத் தோன்றாத ஒரு சோதனையைச் செய்தேன்: புழுவை விட்டுவிட்டு, டப்பாவில் இருப்பது யாருடையது என்று பார்த்தேன். நாற்பதிலும் மனித உயிரணு ஒன்றுகூட இல்லை. நாற்பதும் பன்றி. நாற்பதும் ஒரே பன்றி. பெண்.

மறுநாள் அந்தப் பண்ணைக்குப் போனேன். பண்ணைக்காரர் உங்களை மறக்கவே இல்லை. "வந்தாரே ஒரு ஐயா, சட்டை மடிப்புக் கலையாம! 'நல்ல ஆரோக்கியமானதாப் பாத்துக் காட்டுப்பா'ன்னாரு. பெரியவளைக் காட்டினேன். ஒவ்வொரு டப்பாலயும் ஒட்டியிருந்த பேரைச் சத்தமாப் படிச்சுப் படிச்சுப் போட்டாரும்மா. 'நீதிபதி, வயசு எண்பத்திரண்டு'ன்னாரு பாருங்க, பன்னியே திரும்பிப் பாத்துச்சு" என்றார்.

நீங்கள் ஏன் செய்தீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. நாற்பது படி ஏறியிருப்பீர்கள். நாற்பது பேரும் முகத்தைச் சுளித்துக் கதவைச் சாத்தியிருப்பார்கள். சங்கத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர்கள் இதற்கு ஆட்டவில்லை என்று சின்னவளான என்னிடம் வந்து சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. "முடியலம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னுடைய ஒரு கட்டுரை தாமதமாகியிருக்கும், அவ்வளவுதான். இப்போது ஒரு குடும்பத்தின் பிழைப்பு தெருமுனையில் நிற்கிறது. நான் உங்களை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் கீரைக்காரம்மாவையும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஆகவே, "டப்பாக்களை நிரப்பியது நான்தான், கீரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று தெளிவாக எழுதி அனுப்புங்கள். அழகான கையெழுத்தில் எழுத வேண்டாம். நடுங்கி எழுதினால் நம்புவார்கள். துறைத்தலைவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். சுவரில் உள்ள தெருப்படத்தை அவர் இல்லாத நேரத்தில் கழற்றிவிடுவதாக இருக்கிறேன்.

இதோடு ஒரு பூச்சி மாத்திரை வைத்திருக்கிறேன். உங்கள் தெருவில் தேவையில்லாமல் நாற்பது வீட்டார் விழுங்கியிருக்கிறார்கள்; நியாயத்துக்காக நீங்களும் ஒன்று விழுங்குங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. உங்களுக்கு என் வணக்கம், கொஞ்சம் குறைத்து.

இப்படிக்கு,
தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் அண்ணி ஆள் மூலம் ஒரு பை அனுப்பியிருந்தார். உள்ளே இரண்டு டப்பா, ஒரு சீட்டு: "உங்க அண்ணனுக்கு ரெண்டு வாரமா வயித்துல என்னமோ புரளுதாம். உனக்குத் தெரிஞ்சா சிரிப்பேன்னு சொல்லாம இருக்காரு. ஒண்ணு அவருது, ஒண்ணு என்னுது. அவருது அவருதுதான், நான் சாட்சி." உடனே பார்த்தேன். மனிதனா என்று முதலில் பார்த்தேன். இனி எப்போதும் பார்ப்பேன். தினமும் அந்தக் கீரையைச் சமைத்துச் சாப்பிடும் அண்ணியின் டப்பா சுத்தம். பிறந்ததிலிருந்து கீரையைத் தொடாத உங்கள் டப்பாவில் முட்டைகள். பன்றிப் பரம்பரை. பெரியவளின் புழுக்களுக்கு நெருங்கிய சொந்தம். பண்ணைக்காரர் சொன்னதில் ஒன்றை உங்கள் மரியாதைக்காக மேலே எழுதாமல் விட்டிருந்தேன்: இருபதாவது டப்பா முடிந்ததும் பட்டி மண்ணிலேயே உட்கார்ந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பிஸ்கட் சாப்பிட்டீர்களாம்.

துறைத்தலைவரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மறுபடியும் கண் கலங்கிவிட்டது. "நாப்பது எதுக்கும்மா? பன்னிக்கிட்டேர்ந்து மனுஷனுக்கு, தேதி, இடம், பிஸ்கட்டோட! இந்த ஒருத்தர் போதும்" என்கிறார். புதன்கிழமை நகராட்சிக் கூட்டத்தில் உங்களை அவரே மேடையேற்றுகிறார். வண்டிக்கு இனித் தடை இருக்காது என்று ஆய்வாளரும் சொல்லிவிட்டார். கீரைக்காரம்மா மட்டும், "கடுதாசி வேணாம், அந்த ஐயாவையே ஒரு தடவை காட்டுங்க" என்று முன்வரிசையில் இடம் கேட்டிருக்கிறார்.

ஆகவே மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். கடிதம் வேண்டாம், நேரில் வாருங்கள். மாத்திரையையும் புதன்வரை விழுங்க வேண்டாம். அவசரப்பட்டு விழுங்கிவிட்டிருந்தால், வெளியே வருவதைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். டப்பா அண்ணியிடம் இருக்கிறது. ஒன்று போதும். ஏழரை மணி என்று கட்டாயமில்லை.