சங்கு மார்க் சோஸ்

குண்டசாலை,
சனிக்கிழமை காலை.

அன்பு மகள் சுகிர்தாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் சுகம். வவுனியா வெயிலில் நீ வாடிப்போகாமல் இருக்க முருகன் துணை. இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருவாள். அதனால் முத்திரை ஒட்டுகிறேன்.

முதலில் என் மானம் போன கதை. உன் தங்கச்சி லோஜினியின் வங்கியில் வேலை செய்கிற யாழ்ப்பாணத்துப் பையன் அஜந்தனும் அவன் தாயார் கமலம் அம்மாவும் நேற்றுப் பகல் பெண் பார்க்க வந்து கதவைத் தட்டினார்கள். திறந்தது நான். போட்டிருந்தது உன் அம்மாவின் ரோசாப்பூ ஹவுஸ்கோட். இடுப்பில் கட்டியிருந்த புதுச் சாரத்தில் சோஸ் தெறிக்கக் கூடாதே என்று மேலே மாட்டியிருந்தேன். அந்த அம்மா என்னை மேலிருந்து கீழ் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரர் நிக்கிறாரோ?" என்று என்னிடமே கேட்டார்.

எல்லாம் என் வாயால் வந்தது. அஜந்தனுக்கு நூடில்ஸ் என்றால் உயிர். அவன் தாயாரோ வெள்ளிக்கிழமை சுத்த சைவம், கடையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். பெண் வீட்டின் சைவச் சுத்தத்தைப் பார்த்துத்தான் பேச்சை எடுப்பாராம். அந்த அம்மா போன் எடுத்து, லோஜினி பயந்து பயந்து பேசிக்கொண்டிருந்த நேரம் நான் போனைப் பறித்து, "எங்க வீட்டுல நூடில்ஸ் மட்டுமில்லங்க, அதுக்கு ஊத்துற சோசும் வீட்டுலதான்" என்று அந்த அம்மாவிடமே சொல்லிவிட்டேன். உன் அம்மா கரண்டியை நீட்டினாள். "சொன்ன வாய்க்குக் கை இருக்குதானே? செய்யுங்க."

இஞ்சி பூண்டை இடித்து நல்லெண்ணெயில் வதக்கி சோயா சோஸ் ஊற்றினேன், உப்புக் கரித்தது, கரிப்பு அடங்க இனிப்புக்குக் கித்துள் பனைப் பாணி விட்டேன், வட்டிலப்பம் மணத்தது, அதை அமுக்க வினாகிரி விட்டேன், எனக்குத் தும்மல் வந்தது, கெட்டியாகட்டும் என்று கோன்ஃப்ளவரைத் தண்ணீரில் கரைக்காமல் கொதிக்கிற சோசிலேயே கொட்டினேன், கொழுக்கட்டை கொழுக்கட்டையாகத் திரண்டது, தேத்தண்ணி வடியில் வடித்தேன், தண்ணியாய்ப் போனது, திரும்பவும் சோயா, திரும்பவும் பாணி, இப்படிச் சரிக்கட்டிச் சரிக்கட்டி ஒரு கோப்பை சோஸ் பொங்கல் பானை நிறைய வந்துவிட்டது. "என்னங்க, ஊருக்கே அன்னதானமா?" என்றாள் உன் அம்மா.

அப்படியும் ருசியில் ஏதோ குறைந்தது. அப்போதுதான் அந்தக் கறுப்புப் போத்தல் ஞாபகம் வந்தது. அக்குறணைக் கடையில் சோயா வாங்கப் போனபோது பக்கத்துத் தட்டில் இருந்தது. கண்ணாடி கொண்டுபோகாத கண்ணுக்கும் லேபிளில் பெரிய சங்கு தெரிந்தது. கல்யாணக் காரியத்துக்குச் சங்கு மார்க்கை விட வேறென்ன வேண்டும் என்று வாங்கி வைத்திருந்தேன். அரைப் போத்தல் விட்டேன். உன் அம்மா உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள். முப்பது வருடத்தில் முதல் தடவையாக நான் செய்ததற்கு இன்னொரு தரம் கையை நீட்டினாள்.

கமலம் அம்மா மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். "அண்ணை, இப்பிடிச் சுத்தமான சைவச் சாப்பாடு கன காலத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான். தையிலை நாள் பாருங்கோ" என்றார். ஒரு போத்தல் சோசும் கொண்டுபோனார். ஆகவே மகளே, அப்பாவின் கைச்சுத்தத்தால்தான் தங்கச்சிக்குக் கல்யாணம் கூடிவந்தது என்று நாலு பேரிடம் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு. லீவை இப்போதே கேட்டு வை. உன் ஆஸ்பத்திரி நோயாளிகளோடு சேர்த்து என்னையும் கடவுள் காப்பாற்றட்டும்.

அன்பு அப்பா,
சுந்தரலிங்கம்

பி.கு.: யாரிடமும் சொல்லாதே, அம்மாவுக்கும் தெரியாது. கமலம் அம்மா கை கழுவப் போன நேரம் அஜந்தன் குசினிக்குள் வந்து அந்தப் போத்தலை எடுத்து வாசித்தான். "அங்கிள், இது சங்கில்லை. கடல் சிப்பி. உள்ளை இருக்கிறதும் அதின்ரை சாறுதான்" என்றான். ஹவுஸ்கோட்டில் போகாமல் மிஞ்சியிருந்த மானமும் போனது. "அம்மாகிட்ட நானே சொல்லிர்றேன் தம்பி" என்றேன். அவன் போத்தலைத் தன் பைக்குள் திணித்தான். "சொல்லாதேங்கோ மாமா." அதுவரை நான் அங்கிள்தான்.

கமலம் அம்மா கொண்டுபோன சோஸ் போத்தலைக் கைதவறி உடைப்பது மாப்பிள்ளையின் பொறுப்பு. சிப்பிக்குப் பதிலாகக் காளானில் அந்த ருசி வருமா என்று விசாரித்து உடனே எழுதுவது உன் பொறுப்பு. ஏனென்றால் போகும்போது அந்த அம்மா கேட்டார், "என்னென்ன போட்டனீங்கள் அண்ணை?" இஞ்சி, பூண்டு, சோயா, பாணி, வினாகிரி, கோன்ஃப்ளவர், நல்லெண்ணெய் என்று விரல் விட்டுச் சொன்னேன். "அவ்வளவுதானோ?" என்றார். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். சங்கை மட்டும் சொல்லவில்லை.