வீட்டுக்கு முன்பே வந்த கதவு

நடுக்கரை, திருக்காட்டுப்பள்ளி வழி
10-9-1973

கனம் பொருந்திய மச்சான் உபதேசியார் ஜெக்கரியா அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் மாசிலாமணி தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் பொன்னுத்தாயும் பிள்ளைகளும் சுகம். அங்கே உங்கள் சுகத்துக்கும், உங்கள் ஓட்டு வீட்டின் சுகத்துக்கும் பதில் போடவும்.

சுகம் என்றது வழக்கத்துக்காக. எனக்கு வயிறு எரிகிறது. வருஷப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் வைத்து, இந்த வருஷத்துக்கு ஆளுக்கொரு வசனம் எடுங்கள் என்று நீட்டியது யார்? நீங்கள்தானே? நிலம் தருவேன் என்று கர்த்தர் சொன்ன அட்டை இதோ என் கையில் இருக்கிறது. குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று அரசாங்கமும் சட்டம் போட்டாகிவிட்டது. மேலேயும் ஒரே பேச்சு, சென்னைக் கோட்டையிலும் ஒரே பேச்சு, நடுவில் எனக்கு ஐந்து சென்ட் பட்டா மட்டும் வந்தபாடில்லை. அறுப்பு முடிந்ததும் குடிசையைப் பிரித்துக்கொண்டு ஓடு என்கிறான் மிராசுதார் ஆள். விசுவாசத்தை முன்கூட்டியே செய்கையில் காட்டு என்று பிரசங்கம் செய்தீர்களே, அதை நம்பிக் கும்பகோணத்தில் இடித்த வீட்டிலிருந்து ஒரு தேக்குக் கதவை நிலையோடு வாங்கி வந்தேன். கீற்றுச் சுவரில் சாய்த்தேன், சுவர் விழுந்தது. இப்போது வேப்பமரத்தில் சாய்ந்து நிற்கிறது. போகிறவன் வருகிறவனெல்லாம் அதைத் தட்டி, "அண்ணே, உள்ள இருக்கீங்களா, வெளிய இருக்கீங்களா?" என்கிறான். உங்கள் தங்கையோ, "எங்கண்ணன் நம்பிக்கையா இருக்கச் சொன்னாரு, கதவு வாங்கச் சொன்னாரா?" என்று உங்கள் கட்சி பேசுகிறாள். எதிர்க்குடிசைத் தங்கையன் மட்டும் வாசலிலேயே குந்திக்கொண்டு, "வரும்ணே, வரும்ணே" என்பான். கேலி செய்கிறவனையாவது திட்டலாம், இவனை என்ன செய்ய?

கேளுங்கள். பட்டாவுக்கு ஆள் கணக்கெடுக்கக் கர்ணம் வந்த அன்று நான் அதே பட்டாவுக்காக உபவாசம் இருந்து கோயிலில் மயங்கிக் கிடந்தேன். பொன்னுத்தாய் எனக்குச் சோடா வாங்க ஓடியிருந்தாள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். குடிசையில் ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்! ஜெபம் பண்ணியது குற்றமா மச்சான்? இனிமேல் பொறுமை என்று என்னிடம் யாரும் பேச வேண்டாம். ஞாயிறு முதல் கோயிலுக்கும் வரமாட்டேன். அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன், அனுப்பியவரிடமே சேர்த்துவிடுங்கள்.

அக்காளுக்கு என் தோத்திரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், உங்களுக்குக் கோபம்.

இப்படிக்கு,
மாசிலாமணி

பின்குறிப்பு: அட்டையை உறையிலிருந்து எடுத்துவிட்டேன். கவரை ஒட்டும் நேரத்தில் தங்கையன் பட்டாவோடு வந்து நின்றான்.

"கர்ணம் வந்தப்ப நீ எங்கடா இருந்தே?" என்றேன்.

"எங்கண்ணே போவேன்? காத்திருன்னு அட்டையில போட்டிருக்குன்னு நீங்கதானே படிச்சுச் சொன்னீங்க? வாசலை விட்டு நகரவே இல்லையே!"

மச்சான், அவனுக்குப் படிக்கத் தெரியாது. வருஷப் பிறப்பு அன்று தன் அட்டையை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னான். நிலம் என்று இருந்தது அவனுடையது. காத்திரு என்று இருந்தது என்னுடையது. என்னுடையதைப் படித்துக் காட்டி, அதையே அவன் கையில் கொடுத்துவிட்டேன். நான் அட்டையை மாற்றியும் கர்த்தர் ஆளை மாற்றவில்லை.

கதவை அவனுக்கே கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவன் மனையில் தோத்திர ஜெபம். "என் வசனத்தை நீங்கதான்ணே படிக்கணும்" என்கிறான். அவன் அட்டையை அவனிடம் கொடுத்துவிட்டுத்தான் படிக்க வேண்டும். சனிக்கிழமையே வந்துவிடுங்கள், பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும்.