நேரில் பார்க்காமல் நம்பாதவர்

நேரில் பார்க்காமல் எதையும் நம்பாதவர் ஊருக்கு ஒருவர் இருப்பார். கடவுளைப் பார்க்காமலே நம்புவார். ஏழையைப் பார்த்தாலும் நம்பமாட்டார். அறுபதுகளில் மட்டாஞ்சேரியில் எங்களுக்கு வாய்த்தவர் சுக்கு வியாபாரி வெங்கிடாசலம்.

கைகால் விளங்காத சின்னப் பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பங்களுக்குச் சர்க்கார் உதவித்தொகை தரும், அதற்கு வார்டுப் பெரியவரின் சிபாரிசு வேண்டும் என்று வந்ததோ இல்லையோ, இவர் பெரியவர் ஆகிவிட்டார். மூக்கில் துண்டைப் பொத்திக்கொண்டு வீடு வீடாகப் போவார், கூரையைப் பார்ப்பார், அடுக்களையை எட்டிப் பார்ப்பார், கடைசியாகப் பிள்ளையின் உள்ளங்காலைக் கிள்ளுவார். அழுதால், "உணர்ச்சி இருக்கே!" அழாவிட்டால், "நல்லாப் பழக்கி வெச்சிருக்காங்க!" எப்படித்தான் பிழைப்பது?

சுமை தூக்கும் பரீதின் மனைவி ஜலீலாவின் வீட்டுக்கும் போனார். மகன் முனீருக்கு நான்கு வயது. கழுத்து நிற்காது. யாராவது ஏந்தியே இருக்க வேண்டும். அதனால் சுக்குப் புடைக்கும் வேலையை அவள் விட்டிருந்தாள். வீட்டில் ஒரு வேளைக் கஞ்சிதான். வெங்கிடாசலம் சாவிக்கொத்தை ஆட்டினார். சத்தம் கேட்டுப் பிள்ளை சிரித்தது.

"சிரிக்கிறானே! கடல்காத்து பட்டா எந்திரிச்சு ஓடுவான். உனக்கு வேலைக்குப் போக மடி, அதான்."

மடி என்றால் அங்கே சோம்பல்.

மறுநாள் காலை அவர் கடைவாசலில் நாலு வியாபாரிகளோடு சாயா குடித்துக்கொண்டிருந்தார். ஜலீலா நேரே வந்து பிள்ளையை அவர் மடியில் வைத்தாள்.

"மொதலாளி, ஓடிப்போகாமப் பாத்துக்கோங்க. நான் வேலைக்குப் போறேன்."

எதிரே இருந்த பண்டகசாலைக்குள் போயே போய்விட்டாள். பிள்ளையின் தலை பின்னால் சாய்ந்தது. பதறி ஒரு கையால் தாங்கினார், உடம்பு சரிந்தது. மறு கையையும் கொடுத்தார். சாயா வேட்டியில் கொட்டியது. ஜிப்பாவில் எச்சில் வழிந்தது. கீழே விடவும் வழியில்லை, வாங்கிக்கொள்ளவும் ஆளில்லை.

"நேர்லயே பாக்குறீங்கல்ல, மொதலாளி?" என்றார் ஒரு வியாபாரி, தன் சாயாவை ஊதியபடி.

மத்தியானம் அவள் திரும்பியபோது அவர் கைகள் மரத்திருந்தன.

"ஓடினானா, மொதலாளி?"

அன்று சாயங்காலமே சிபாரிசு போயிற்று, உதவியும் வந்தது. பக்கத்து வீட்டுச் சுல்ஃபத்துக்கு அதில் கொஞ்சம் கொடுத்துப் பிள்ளையை ஏந்தச் சொல்லிவிட்டு, ஜலீலா அரைநாள் வேலைக்குப் போனாள். இரண்டு வேளை அடுப்பு எரிந்தது.

வெங்கிடாசலம் திருந்தினாரா? "அந்தப் பிள்ளையை என் மடியில வெச்சுல்ல காப்பாத்தினேன்!" என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார். அடுத்த வீட்டுப் பிள்ளையையும் கிள்ளினார்.

நீங்கள் அந்த ரகமில்லை, எனக்குத் தெரியும். ஜலீலா வீட்டில் என்றோ ஒரு நாள் மீன் பொரிக்கும் வாசனை வந்தபோது, "சர்க்கார் பணமாச்சே, பொரிக்காம என்ன?" என்று சொன்னது வேறு யாராகவோ இருக்கும்.