ஒரேசட்டி சார் போட்ட தளிகை

சாம்பார் வேறு, ரசம் வேறு, பொரியல் வேறு என்று கடைசிவரை ஒப்புக்கொள்ளாத தமிழர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அந்த ஒருவரை ஆண்டவன் எங்கள் பக்கத்து வீட்டில் கொண்டுவந்து குடிவைத்தான். போன ஜென்மத்தில் நான் செய்த பாவம் இன்னதென்று தெரியவில்லை. சின்னப் பாவமாக இருந்திருக்காது.

கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டுக்குப் பின்னால் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் நாங்கள் மூன்றாவது, அவர் நாலாவது. மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். ஊருக்கு அவர் 'ஒரேசட்டி சார்'தான். அவர் மனைவி நர்ஸ். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் வேலை. சனிக்கிழமை சாயந்திரம் பஸ்ஸில் இறங்கி வருவார், திங்கட்கிழமை விடியலில் ஏறிப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் எட்டாவதும் ஐந்தாவதும் படித்த இரண்டு பெண்பிள்ளைகளுக்கு அப்பாதான் ஆக்கிப் போட வேண்டும்.

ஆக்கிப் போட்ட லட்சணத்தைச் சொல்கிறேன். சாயந்திரம் வேலை விட்டு வந்ததும் பம்ப் ஸ்டவ்வைப் பற்ற வைத்து அலுமினியச் சட்டி ஒன்றை ஏற்றுவார். அரிசி, பருப்பு, கத்திரிக்காய், கைக்கு அகப்பட்ட கீரை, புளித்தண்ணீர், உப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் வரிசையில் நிற்காமல் உள்ளே போகும். மூடி விழும். பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்துவிடுவார். பாடம் முடியும்போது சமையலும் முடிந்திருக்கும். அதற்குப் பேரென்ன என்று யாராவது கேட்டால், "பேரு இன்னாத்துக்குங்க? துன்றதுக்கா, கூப்புடுறதுக்கா?" என்பார்.

தன் வீட்டோடு நிறுத்தியிருந்தால் நான் ஏன் இப்போது உட்கார்ந்து புலம்புகிறேன்? அந்த மனுஷன் ஊரைத் திருத்த வந்தவர். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, முகத்தைக்கூடக் கழுவாமல் ஒரு அடுப்பில் உலையும் இன்னொன்றில் குழம்பும் வைத்துவிட்டுப் பொரியலுக்கு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். கொல்லைச் சுவருக்கு மேலே தலை முளைக்கும்.

"இன்னா டீச்சரம்மா, இன்னுமா கொதிச்சிக்கினு கெடக்குது?"

"ஆமாம் சார். குழம்பு கொதிக்கத்தான் செய்யும்."

"மூணு பாத்திரம், மூணு கரண்டி, மூணு மூடி. கெரசின் ஜாஸ்தி, வேலை ஜாஸ்தி, ருசி இன்னா ஜாஸ்தியா? வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதானுங்க!"

வயிற்றுக்குள் போன பிறகு நடப்பதை யோசித்துச் சமைக்க முடியுமா? இதைக் கேட்டால் சிரிப்பார். என் கோபம் அவர்மேல்கூட இல்லை. எங்கள் வீட்டுக்காரர் இருக்கிறாரே, அவர் அந்தப் பேச்சை வேதவாக்காகக் கேட்டுக்கொண்டு, "ஒரேசட்டி சார் வூட்ல ஏழு மணிக்கே பாத்திரம் கழுவி ஆச்சாம்" என்று எனக்குச் செய்தி வாசிப்பார். பாத்திரம் கழுவியது ஒரேசட்டி சார் என்ற விவரத்தை மட்டும் வாசிக்க மாட்டார். போதித்தவர் சமைத்தார், கேட்டவர் பேப்பர் படித்தார்.

ஒரு முறை வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும் வேன் வைத்துக்கொண்டு மலைக்கு அருவி பார்க்கப் போனோம். லீவு நாளில் பொம்பிளைகள் ஓய்வாக இருக்கட்டும், சமையல் தன் பொறுப்பு என்றார் ஒரேசட்டி சார். நம்பினோம். குளித்துவிட்டுப் பசியோடு வந்து பார்த்தால், சாமைச் சோறும் சாம்பாரும் பாயசத்துக்கு வைத்திருந்த வெல்லமும் ஒரே அண்டாவில் கிடந்து கொதித்துக்கொண்டிருந்தன. முந்திரிப்பருப்புக்குப் பக்கத்தில் முருங்கைக்காய் மிதந்தது.

"வடக்க எங்கயோ கொழம்புல வெல்லம் போடுவாங்களாமே" என்றார், தைரியமாக.

"நாம இருக்கிறது வடக்கே இல்லையே சார்" என்றேன். மலையிலிருந்து இறங்கும்வரை நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இந்தச் சட்டிக்கு ஒரு பகை எலவனாசூர்கோட்டையில் இருந்தது. நர்ஸம்மாவின் அக்கா. நிலம், மாடு, நெல்லுக் குதிர் எல்லாம் நிறைந்த வீடு. பிள்ளை மட்டும் இல்லை. தங்கை பெண்கள் மேல் உயிர். முழுப்பரீட்சை லீவில் அவர்களைக் கூட்டிப்போக வந்த அந்த அம்மாள், சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு எங்கள் வரிசைக்கே கேட்கும்படி கத்தினார்.

"மாட்டாஸ்பத்திரில வேலைனா, பசங்களுக்கும் மாட்டுத்தீனியா தம்பி? தாயி மலைமேல. தகப்பன் இப்படி. ரெண்டையும் நான் கூட்டிக்கினு போயி படிக்க வெக்கிறன்."

"இல்லிங்க அண்ணி, நான் நல்லாதான் பாத்துக்கிறன்..."

"அப்ப ஒண்ணு பண்ணு. புரட்டாசி மொத சனிக்கு வரன். பெருமாளுக்கு முறையா தளிகை போட்டுக் காட்டு. நாலு வகை சோறு, நாலும் நாலா இருக்கணும். இல்லனா பசங்க எங்கூட."

தங்கையும் அக்கா பேச்சைத் தட்ட முடியாமல் தலையாட்டிவிட்டார். மலைமேல் இருந்துகொண்டு பிள்ளைகள் என்ன தின்கிறார்களோ என்று தவிக்கிறவர் வேறென்ன செய்வார்? அன்றிலிருந்து சார் சுவருக்கு மேல் தலை நீட்டுவது பாதியாகக் குறைந்தது. பாதி என்பதே எனக்கு அதிகம்தான்.

புரட்டாசியும் வந்தது. நர்ஸம்மாவின் அக்கா புதன்கிழமையே வந்து இறங்கிவிட்டார். மறுநாள் இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோடு நின்றது. சேலம் ரோட்டில் வெட்டிப் போட்ட புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை, கடை இல்லை. வெள்ளிக்கிழமை லீவு போட்டு வருவதாக இருந்த நர்ஸம்மா மலைமேல் மாட்டிக்கொண்டார். ஊருக்குத் திரும்ப முடியாத அக்கா இங்கே மாட்டிக்கொண்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரேசட்டி சார்.

இதில் அவருடைய இன்னொரு தத்துவம் வேறு வந்து காலை வாரியது. 'சாமான் சேத்தா பூச்சிதான் சேரும்' என்று அன்றன்றைக்கு வாங்கிச் சமைக்கிறவர். சனிக்கிழமைக்குள் அரிசி டின் துடைத்து வைத்தாற்போல ஆகிவிட்டது. நான் ஒரு படி அரிசி கொண்டுபோய் நீட்டினேன். அக்கா தடுத்தார்.

"கடன் வாங்கின அரிசில பெருமாளுக்குத் தளிகை போடுவாங்களா? கோவிந்தா சொல்லி வாங்கினா அது பெருமாள் அரிசி. சொம்பு எடுத்துக்கினு போவச் சொல்லு."

புரட்டாசிச் சனிக்கிழமையில் நாமம் போட்டுக்கொண்டு சொம்போடு வீடு வீடாகப் போய் அரிசி வாங்குவது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். ஆனால் சின்னப் பிள்ளைகள் போவார்கள். ஒரேசட்டி சாரோ மஞ்சள் வேட்டி கட்டி, நெற்றி நிறைய நாமத்தை இழுத்து, துளசி சுற்றிய சொம்போடு பிள்ளைகளுக்கு முன்னால் தானே கிளம்பிவிட்டார். கூட்டத்தைப் பார்த்தாலே போலீஸ் விசாரிக்கிற நேரம். தெருமுனையில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் லத்தியை நீட்டினார்.

"யோவ், இன்னா கூட்டம்?"

"கூட்டமில்லிங்க, கோவிந்தாங்க."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தாமும் ஒரு கோவிந்தா போட்டு வழி விட்டாராம். சின்னப் பெண் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த வாரம் ஊர் கெட்டுக் கிடந்தது. நேற்றுவரை மாமன் மச்சான் என்று பேசிய தெருக்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. சாருக்கு அதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. கதவு தெரிந்த இடத்திலெல்லாம் கோவிந்தா சொன்னார். எங்கள் பக்கத்து ஆட்கள் அந்த வாரம் கால் வைக்காத கருணாபுரம்வரைக்கும் போய்விட்டு வந்தார். கடை திறக்காத நாளில் யாரிடம் நல்ல அரிசி இருக்கும்? இருந்ததில் ஒரு பிடி போட்டிருக்கிறார்கள். பச்சரிசி, புழுங்கல், ரேஷன் அரிசி, பழைய பொன்னி, நொய், யாரோ ஒரு மகராசி சாமை. எல்லாம் ஒரே சொம்புக்குள். சொம்பு நிறைந்தால் பையில் கொட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

முறத்தில் கொட்டியதைக் கையை விட்டுக் கிளறிப் பார்த்தேன்.

"சார், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி வேகும். நொய்யையாவது சலிச்சு எடுங்க."

"வெந்தா எல்லாம் சோறுதானுங்க. ஒரே சட்டில ஆக்கிட்டு நாலா பிரிச்சிக்கிறன்."

நாலு வகைச் சோற்றுக்கு ஒரு சட்டி! பெண்கள் இருப்பார்களா போவார்களா என்பது தொங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில்கூட அந்த மனுஷனால் இரண்டாவது பாத்திரத்தைத் தொட முடியவில்லை. நான் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கொல்லைச் சுவருக்கு மேலே தலை முளைத்தது. நாமம் வேர்வையில் மூக்குவரை வழிந்திருந்தது. முதல் முறையாக அவர் எனக்கு யோசனை எதுவும் சொல்லவில்லை.

"டீச்சரம்மா, கொஞ்சம் வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். நொய்யும் பச்சரிசியும் குழைந்து பசையாகிவிட்டன. அந்தப் பசைக்குள்ளே ரேஷன் புழுங்கல் ஒரு கொதியும் வாங்காதது போல விறைத்து நின்றது. இன்னும் வேகவிட்டால் அடி தீயும். இறக்கினால் பல் போகும்.

"பசங்க போயிடும்ங்க" என்றார், சட்டியைப் பார்த்துக்கொண்டே. "காலையில எந்திரிச்சா அதுங்க சண்ட சத்தம் கேக்கும். அது இல்லாம இந்த வூட்ல நான் இன்னா பண்ணுவன்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு ஆசை இருக்கிறவர் அரிசியைச் சலித்திருக்கக் கூடாதா? திட்டிக்கொண்டே என் வீட்டுப் புளிக்காய்ச்சலையும் எலுமிச்சம்பழத்தையும் தயிரையும் கொண்டுவந்தேன். சோற்றுக்குத்தான் கடன் ஆகாது, சேர்மானத்துக்கு அக்கா ஒன்றும் சொல்லவில்லையே. குழைந்த பாகமாகப் பார்த்து வழித்து வெல்லம் போட்டுச் சர்க்கரைப் பொங்கல் என்று பேர் வைத்தோம். மற்ற மூன்றும் பார்வைக்குத் தேறின. கடித்தால்தான் விஷயம் வெளியே வரும்.

இலையில் படைத்து, கற்பூரம் காட்டி, கோவிந்தா சொல்லி, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா புளிச்சோற்றில் ஒரு வாய் எடுத்தார். மெல்லும் சத்தம் எனக்கே கேட்டது.

"இன்னா தம்பி இது? ஒரு பக்கம் கொழகொழங்குது, ஒரு பக்கம் நறநறங்குது."

சார் தன் இலைச் சோற்றை ஓரமாக ஒதுக்கினார். "பல வூட்டு அரிசிங்க அண்ணி. ஒண்ணா ஆக்கிட்டன். தப்புதான்."

அவர் வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல் வந்ததைக் கேட்க நான் எத்தனை சாயந்திரங்கள் ஏங்கியிருக்கிறேன். வந்தபோது எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

அந்த நேரத்தில் அடுப்படியில் ஒரே கூச்சல். பெரியவளும் சின்னவளும் சட்டி அடியில் பிடித்த காந்தலுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். "நேத்தும் நீதான்டி சொரண்டுன!" என்று ஒருத்தி கத்த, சட்டியை இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். இலையில் போட்டது காலி. கருகல் ஒட்டிய வாயோடு இரண்டும் இளித்தன.

அக்கா கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்தார்.

"லீவுல எங்க வூட்ல நெய்யும் முட்டையுமா போட்டன். ரெண்டும் தட்டுல கோலம் போட்டுக்கினு ஒக்காந்துருக்கும். ஒரு நாளு, ஒரு வேளை, இப்படித் துன்னுதுங்களா?" மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டார். "போவட்டும் தம்பி. எந்தக் கையில போட்டா எறங்குமோ அந்தக் கையிலதான் எறங்கும். இங்கியே இருக்கட்டும்."

சார் எழுந்து நிற்க முயன்று இலையை மிதித்துவிட்டார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் சந்தர்ப்பம் புரியாமல் இன்னும் கொஞ்சம் எலுமிச்சைச் சோறு கேட்டார்.

ரோடு திறந்ததும் அக்கா ஊருக்குப் போனார். போகும்போது ஒரே ஒரு கட்டளை. "ரெண்டாவதா ஒரு சட்டி வாங்கு." சார் மறுவாரமே வாங்கினார். அதில் பிள்ளைகளுக்குக் குளிக்க வெந்நீர் போட்டார்.

அடுத்த வருஷம் நர்ஸம்மாவுக்கு மலையிலிருந்து மாற்றல் கிடைத்தது. சாரும் அலைந்து திரிந்து அதே ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். நாலு பேரும் ஒரே கூரையின்கீழ் இருக்கப் போகிறார்கள். சாமான் லாரி வந்து நின்றபோது நல்ல மனசோடுதான் நானும் பாத்திரங்களைத் தூக்கிக் கொடுத்தேன். இனிமேல் நிம்மதியாக மூன்று பாத்திரத்தில் சமைக்கலாம் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தேன். சாயந்திரம் கொல்லைச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அன்று எங்கள் வீட்டில் அடுப்பே பற்ற வைக்கவில்லை.